பச்சையாகத் தெரிவதெல்லாம் கண்டல் இல்லை

வரைபடத்தில் பச்சை கூடியிருக்கிறது, அதனால் அலையாத்தி என்கிற கண்டல் காடு வளர்ந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், ராமநாதபுரம் மாவட்டக் கரையைப் பொறுத்தவரை அதை உடனே நம்பிவிடாதீர்கள். வடக்கே தொண்டி, காரங்காடு, தேவிபட்டினம், தெற்கே மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று எங்கே இறங்கி நடந்தாலும் கண்ணுக்கு முதலில் படுகிற பச்சை சீமைக்கருவேலம்தான். அதே கரையில் கோடைக்குச் சிவந்து, கருகிப்போனது மாதிரி கிடக்கும் உமரி என்கிற உப்புநிலச் செடி நல்ல உயிரோடு இருக்கும். மேலேயிருந்து எடுக்கிற படம் இந்த இரண்டையும் தலைகீழாகக் காட்டக்கூடியது. நான் சில வருடங்களாக இந்தக் கரையில் ட்ரோன் பறக்கவிட்டு, கரையோரச் செடிகொடிகளைப் படமெடுத்து வரைபடமாக்கும் வேலையில் இருப்பவன். இந்தக் கருவி மேல் எனக்கு நம்பிக்கை நிறைய. ஆனால் அது கொடுக்கிற படத்தை யார் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

முதலில் ட்ரோன் எதற்கு, செயற்கைக்கோள் போதாதா என்ற கேள்வி. நியாயமான கேள்விதான். இந்திய வன அளவை நிறுவனம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நாட்டின் காடுகளை அளந்து அறிக்கை போடுகிறது. 2021 அறிக்கைப்படி தமிழ்நாட்டில் அலையாத்திக் காடு மொத்தம் சுமார் 45 சதுர கிலோமீட்டர். இதைச் செயற்கைக்கோள் படத்திலிருந்துதான் எடுக்கிறார்கள், ஒரு ஹெக்டேருக்குக் கீழே இருக்கிற துண்டுகள் அந்தக் கணக்கில் வராது. நாடு முழுக்க அளக்கும்போது எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை என்ன சொல்கிறது? 2011-லும் சரி, 2019-லும் சரி, அலையாத்தி இருக்கும் இடம் உச்சபட்சப் பாதுகாப்புப் பிரிவில் வருகிறது, அந்தத் திட்டு 1000 சதுர மீட்டரைத் தாண்டினால் அதைச் சுற்றி 50 மீட்டருக்குப் பாதுகாப்பு வளையம் வேண்டும் என்று இருக்கிறது. ஆயிரம் சதுர மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 25 சென்ட். ஒரு ஹெக்டேரில் பத்தில் ஒரு பங்கு. அதாவது சட்டம் காப்பாற்றச் சொல்கிற துண்டு, நாட்டுக் கணக்கில் தென்படுகிற துண்டைவிடப் பத்து மடங்கு சின்னது.

நம் மாவட்டத்தில் இந்த இடைவெளி பெரிய விஷயம், ஏனென்றால் இங்கே கண்டல் பெரும்பாலும் பிச்சாவரம், முத்துப்பேட்டை மாதிரி விரிந்த காடாக நிற்பதில்லை. ஓடைக்கரையில் ஒரு வரிசை, உப்பங்கழி ஓரத்தில் ஒரு திட்டு, ஆற்றுவாயில் ஒரு கொத்து. வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது, ஆற்றங்கரை முகத்துவாரத்துக்கு நல்ல தண்ணீர் எப்போதாவது பெருமழைக்குத்தான் வரும். கோட்டக்கரை ஆறு கடலில் சேரும் காரங்காட்டில்தான் கொஞ்சம் அடர்த்தியாகப் பார்க்கலாம். வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அங்கே படகுச் சுற்றுலா நடத்துகிறார்கள், போகாதவர்கள் ஒரு தடவை போய்வாருங்கள். அங்கும் நிற்பதில் பெரும்பகுதி வெண்கண்டல். உப்பைத் தாங்குவதில் அதை மிஞ்சுவதற்கு இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. இலையை நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும், வேர் வழியாக உள்ளே வந்த உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது.

மற்ற இடங்களில் நிற்கிற இந்தத் துண்டு துக்காணிகளைப் பார்ப்பதற்குத்தான் ட்ரோன். இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். அதற்குள் ஒரு கண்டல், அதன் நிழல், சேறு, தண்ணீர், வரப்பில் நிற்கும் கருவை எல்லாம் கலந்து ஒரே நிறமாகிவிடும். நூறு மீட்டர் உயரத்தில் பறக்கும் சாதாரண கேமரா ட்ரோனில் ஒரு புள்ளி இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். கன்றுகளைத் தனித்தனியாக எண்ணலாம். ஆடு மேய்ந்துவிட்டுப் போன பக்கம் எது என்றுகூடத் தெரியும்.

பறக்கவிடும் வேலையைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றும் இல்லை. உழவு மாதிரி மேலும் கீழுமாகப் போய் நூற்றுக்கணக்கில் படம் எடுக்கும், ஒவ்வொரு படமும் பக்கத்துப் படத்தோடு முக்கால் பங்கு ஒட்டியிருக்க வேண்டும், அப்போதுதான் மென்பொருள் பொதுவான புள்ளிகளைப் பிடித்து எல்லாவற்றையும் ஒரே வரைபடமாகச் சேர்க்கும், கூடவே தரையின் மேடுபள்ளத்தையும் கணக்கிட்டுக் கொடுக்கும். ஒரு பேட்டரி இருபது, இருபத்தைந்து நிமிடம். போன வருடப் படமும் இந்த வருடப் படமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார, தரையில் அசையாத குறிகள் வேண்டும். சேற்றில் வைத்த பலகை புதைந்துவிடும், அதனால் பழைய மதகின் சிமென்ட் மூலை, படகுத்துறைப் படி இப்படி நகராத இடத்தில் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறோம்.

காற்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள் என்பது ஊரறிந்த விஷயம். நாம் அதற்கு ரொம்ப முன்னாலேயே பையை மூடிவிட வேண்டும், சின்ன ட்ரோனுக்கு முப்பத்தைந்தே அதிகம். ஆனால் ட்ரோன் தாங்குகிற காற்றும் செடி தாங்குகிற காற்றும் வேறு. வெண்கண்டல் இலைக்கு மேல்பக்கம் கரும்பச்சை, அடிப்பக்கம் சாம்பல் பூசின வெள்ளை. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது இலையெல்லாம் புரண்டு வெள்ளைப் பக்கம் மேலே வந்துவிடும், ஓடைக்கரை முழுக்க வெள்ளி மாதிரி மினுங்கும். பார்க்க அழகு, அளப்பதற்கு உதவாது. அந்தப் படத்தைப் போன மாதம் காற்றில்லாத காலையில் எடுத்த படத்தோடு வைத்துப் பார்த்தால், காட்டுக்கு ஏதோ நோய் வந்து வெளுத்துவிட்டது என்றே தோன்றும். அதனால் விடிந்த உடனே, காற்று எழும்புவதற்குள், வெயில் தண்ணீரில் கண்ணாடி மாதிரி அடிப்பதற்கும் முன்னால் முடித்துவிடுவது நல்லது.

இனி பச்சைக்கு வருவோம்.

செடியின் நலத்தை அளக்க என்.டி.வி.ஐ. என்று ஒரு குறியீடு இருக்கிறது. பச்சை இலை சிவப்பு ஒளியைத் தன் சாப்பாட்டுக்காக உறிஞ்சிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். இந்த இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் மைனஸ் ஒன்றிலிருந்து ஒன்றுக்குள் ஓர் எண் வரும். எண் கூடக் கூட இலை அடர்த்தி அதிகம், செடி தெம்பாக இருக்கிறது. இதற்கென்று தனி கேமரா உண்டு, பறப்பதற்கு முன்னால் ஒரு சாம்பல் நிற அட்டையைப் படம் எடுத்துக்கொண்டால் வெவ்வேறு நாள் வெளிச்சத்தையும் ஒப்பிட முடியும். வயலுக்கு அருமையான கருவி, நெல் என்று தெரிந்த இடத்தில் நெல் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடும். இங்கே நிற்பது எது என்று அதற்குத் தெரியாது. அந்த எண்ணுக்குக் கண்டலும் சீமைக்கருவேலமும் ஒன்றுதான்.

ஓர் அலுவலகத்தில் இப்படித்தான் நடந்தது. கடற்கரையை ஒட்டிய ஒரு கண்டல் நடவுப் பகுதிக்கு வரைபடம் காட்டிக்கொண்டிருந்தோம். இரண்டு வருடத்தில் பச்சை நன்றாகக் கூடியிருந்தது. அறையில் எல்லோருக்கும் சந்தோஷம், ஒருவர் அதைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டலாம் என்றார். கூடியிருந்தது முழுக்க வரப்புமேல் ஏறிய கருவை என்று சொன்னோம். கன்று நட்ட சேற்றுப்பகுதி அநேகமாக அப்படியே வெறுமையாக இருக்கிறது என்றும் சொன்னோம். சந்தோஷம் போன பிறகு அந்த வரைபடத்தை யாரும் கேட்கவில்லை. எனக்கு அதில் கோபம் இன்னும் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. அந்த நடவுக்குச் செலவழிந்தது பொதுப்பணம், அது ஏன் பிழைக்கவில்லை என்பதற்கான விடை அந்தப் படத்திலேயே இருந்தது.

கருவையையும் கண்டலையும் பிரிப்பது எப்படி என்றால், எண்ணை ஓரமாக வைத்துவிட்டு மற்றதைப் பார்க்க வேண்டும். வெண்கண்டலின் தலை மேலேயிருந்து உருண்டையாக, இறுக்கமாக, கொஞ்சம் நரைத்த பச்சையாகத் தெரியும். கருவையின் இலை பொடி, அதன் வழியே தரை எட்டிப்பார்க்கும், நிறமும் வெளிர். மூன்று சென்டிமீட்டர் படத்தில் பழகின கண் இதைச் சட்டென்று பிடித்துவிடும். அதைவிட நம்பகமானது மேடுபள்ளம். கண்டல் கடல்தண்ணீர் வந்துபோகும் எல்லைக்குள் நிற்கும், கருவை அதற்கு மேலே வரப்பிலும் மணல்மேட்டிலும் பழைய இறால்பண்ணைக் கரையிலும் நிற்கும். நம் கரையில் ஓதம் ரொம்பக் குறைவு, கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் உள்ளேதான். அதனால் தரையில் ஒரு சாண் உயர வித்தியாசம்கூட எந்த மரம் நிற்கும் என்பதை முடிவு செய்துவிடுகிறது. ட்ரோன் படத்திலிருந்து வருகிற உயர வரைபடத்தைக் கவனமாகச் செய்தால் அந்த ஒரு சாணைப் பிடிக்க முடியும். என்னைக் கேட்டால் இந்தக் கரையில் ட்ரோனின் உண்மையான உபயோகம் இந்த உயரம்தான், வண்ணப்படம் இரண்டாவது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கருவையைத் திட்டிக்கொண்டே போவது சுலபம், நானும் அதை அழிக்க வேண்டிய மரம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மழை பொய்த்த வருடங்களில் இந்த மாவட்டத்தில் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிந்தது கரிமூட்டம் போட்ட காசில்தான். ஓடைக்கரையில் கண்டலை நெருக்குகிற கருவையை முதலில் எடுப்போம், எந்தெந்த வரப்பில் என்று படத்தில் குறித்து, வெட்டுகிற வேலையையும் விறகையும் அந்த ஊர்க்காரர்களுக்கே கொடுப்போம் என்று பேசினால் ஊர் காது கொடுத்துக் கேட்கிறது. மொத்தமாக அழிப்போம் என்று மேடையில் பேசினால் யாரும் கேட்பதில்லை.

உமரி கதை இதற்கு நேர்மாறு. களர்நிலத்தில் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும் சதைப்பற்றுள்ள செடி. மழைக்குப் பச்சை, வெயில் ஏற ஏற உப்பு ஏறி மருதாணிச் சிவப்பாகிவிடும். எண்ணில் பார்த்தால் செத்த நிலம், தரிசு. தரிசு என்று வரைபடத்தில் எழுதிவிட்டால் அடுத்து அந்த இடத்தில் என்ன வேண்டுமானாலும் வரலாம், உப்பளம், பண்ணை, குப்பைமேடு, எதுவும். சில நேரம் நல்ல எண்ணத்தோடேயே அங்கே கண்டல் கன்றை நட்டுவிடுகிறார்கள், அதுவும் பிழைக்காது, உமரியும் மிதிபட்டுப் போகும். உமரிக்கீரை ஆய்ந்து சமைக்கிற வீடு கரையோரத்தில் இன்னும் இருக்கிறது. கால்நீண்ட பறவைகள் இரை தேடுகிற இடமும் அதை ஒட்டிய ஈரச் சேறுதான். அதனால் நாங்கள் வரைபடத்தில் தரிசு என்ற பிரிவையே எடுத்துவிட்டு உமரி, உப்புத்தரை, மணல் என்று தனித்தனியாகப் போடுகிறோம். வருடத்துக்கு ஒரு முறைதான் பறக்க முடியும் என்றால் மழை முடிந்த தை, மாசியில் பறப்பேன். முடிந்தால் ஆடியில் இன்னொரு முறை. அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எது எப்போதும் பச்சை, எது பருவத்துக்கு நிறம் மாறுவது என்று பிரியும்.

மேலேயிருந்து பார்த்து ஒன்றும் புரியாத இடங்களும் உண்டு. தேவிபட்டினத்துக்கு வடக்கே ஓர் ஓடையில் கண்டல் வரிசைக்குப் பின்னால் வட்டமாக ஒரு வழுக்கை. கிளைகள் மட்டும் சாம்பலாக நிற்கின்றன. பூச்சியா, வெட்டியதா, எதுவும் படத்தில் தெரியவில்லை. ஓடையில் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிற ஒரு அம்மா, இடுப்பில் கட்டிய பறியோடு வந்துகொண்டிருந்தவர், டேப்லெட்டில் படத்தைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க ஓடைதான இது. இது யாரும் வெட்டல தம்பி. தண்ணி மாறல. மழைக்கு வந்த தண்ணி உள்ளயே நின்னு, காய்ஞ்சு, உப்பு பூத்துப்போச்சு. வாய் அடைச்சுக் கெடக்குல்ல" என்றார். எந்த வாய் என்று கேட்டேன். படத்தின் ஓரத்தில் ஒரு இடத்தில் விரல் வைத்தார். உயர வரைபடத்தில் அந்த இடத்தைப் பெரிதாக்கினால் ஓடைக்குக் குறுக்கே ஒரு மணல்திட்டு, பக்கத்துத் தரையைவிட அரையடிதான் உயரம், அவ்வளவுதான். அந்த அரையடி போதும், கடல்தண்ணீர் உள்ளே போகாது, உள்ளே இருப்பது வெளியே வராது. நேரில் போய்ப் பார்த்தோம், சேற்றில் குத்திட்டு நிற்கும் மூச்சுவேர்கள் எல்லாம் நுனிவரை உப்பு படிந்து, தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தன.

இந்த இடத்தில் கன்று நடுவது வீண்வேலை. வாயை வெட்டிவிட்டாலே போதும், விதை தானாக மிதந்து வந்து முளைக்கும். பெரிய இடம் என்றால் மீன்முள் கால்வாய் வெட்டலாம். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள், ஓதம் ஏறும்போது எல்லா மூலைக்கும் தண்ணீர் போய்வரும். பிச்சாவரத்தில் 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து செய்து காட்டிய முறை அது. கால்வாய் எந்தச் சாய்வில் ஓட வேண்டும், எங்கே தூர்ந்திருக்கிறது என்று பார்க்க ட்ரோன் உயரப்படத்தைப்போல் வசதியானது வேறில்லை. சேற்றில் இறங்கி மட்டம் பார்க்கிற வேலை முழுக்க ஒழியாது, பாதியாகக் குறையும்.

தண்ணீருக்குள் இருக்கிற செடிக்கு வந்தால் ட்ரோனின் பலம் சட்டென்று இறங்கிவிடுகிறது. கடல்தாழை என்கிற கடல்புல்லுக்கு என்.டி.வி.ஐ. செல்லாது, அகச்சிவப்பைத் தண்ணீர் மேலேயே விழுங்கிவிடும். தெளிந்த, ஆழமில்லாத இடத்தில் வெறும் வண்ணப்படத்தில் கரும்பச்சைத் திட்டாகத் தெரியும், அவ்வளவே. கச்சான் காலத்தில் தென்கடலான மன்னார் வளைகுடா கலங்கும், வடகடலான பாக் விரிகுடா அமைதியாக இருக்கும், வாடைக்கு மாறிவிடும், ஆக எந்தக் கடல் எப்போது தெளியும் என்பதை மீனவரைக் கேட்டுத்தான் போக வேண்டும். தாழைப்படுகையில் வலை இழுத்த தடம் கோடு கோடாக மேலேயிருந்து தெரிகிற படங்கள் எனக்கு மனசைப் பிசைபவை. ஆவுளியா என்கிற கடல்பசுவுக்குச் சாப்பாடே அதுதான். 2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடல்பசு பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது, அது தஞ்சாவூர், புதுக்கோட்டை கரையை ஒட்டியது. அதற்குத் தெற்கே நம் கரையிலும் தாழை இருக்கிறது.

அனுமதி விஷயம். 2021 ட்ரோன் விதிகளைப் படிக்காமல் யாரும் இந்தப் பக்கம் வராதீர்கள். முன்அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்திலேயே 120 மீட்டருக்கு மேல் போகக்கூடாது, உச்சிப்புளியில் கடற்படை விமான தளம் இருக்கிறது, கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை, அதனால் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்ப்பதோடு நிற்காமல் காவல் துறைக்கும் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போகவே கூடாது. அந்தத் தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் பவளப்பாறையை வெட்டி எடுத்ததால் கடலுக்குள் போய்விட்டன. மிச்சம் நிற்கும் மணல்தீவுகளில் செடிகொடி எவ்வளவு மணலைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதைத் தொடர்ந்து அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

பறவைகள் கூடும் மாதங்களில் தனுஷ்கோடிப் பக்கம் யாரும் ட்ரோன் எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பூநாரைக் கூட்டம் ட்ரோன் சத்தத்துக்கு மொத்தமாக எழும்பும், அவை வந்ததே தின்று தெம்பு ஏற்றிக்கொள்ளத்தான். அங்கே மணல்மேட்டைப் பிடித்து வைத்திருக்கும் ராவணன் மீசையையும் அடப்பங்கொடியையும் அளக்க ஆடி மாதம் இருக்கிறது, காற்று விட்டால்.

நான் கேட்பது ஒன்றுதான். இந்தக் கரையின் ஓடைகளையும் ஆற்றுவாய்களையும் பட்டியல் போட்டு, வருடாவருடம் அதே பாதையில், அதே பருவத்தில் பறந்து, வரைபடத்தை முதலில் அந்தந்த ஊர்க் கிராமசபையில் வைக்க வேண்டும். அலுவலகக் கணினிக்குள் போன படம் திரும்பி வருவதில்லை. ஊரில் ஒட்டிவைத்த படத்துக்கு முன்னால் நின்று, இது எங்கள் ஓடை, இதன் வாய் இங்கே அடைந்திருக்கிறது என்று சொல்ல அந்த அம்மா மாதிரி ஆட்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். 25 சென்ட் கண்டலுக்குச் சட்டம் தருகிற 50 மீட்டரைக் கேட்டு வாங்க வேண்டியவர்களும் அவர்கள்தான், கேட்பதற்குக் கையில் அளவும் தேதியும் போட்ட படம் வேண்டும்.

தேவிபட்டினத்துக்கு வடக்கே சொன்னேனே, அந்த ஓடைவாயை ஊர்க்காரர்களே மண்வெட்டி வைத்துக் கொஞ்சம் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று போன வாரம் தகவல் வந்தது. வாடை அடங்கியதும் போய், பறப்பதற்கு முன்னால் தண்ணீர் எதுவரைக்கும் ஏறுகிறது என்று அந்த வழுக்கைக்குள் குச்சி நட்டுப் பார்க்கப் போகிறோம்.